அசையும் நிலம் – 9: வட்டிப் பணமும் மலையூர்களும்

ஜப்பானின் நீகாட்டா மாகாணத்தில் 2005 மார்ச் 1 அன்று ‘சூயெட்சு நிலநடுக்க மீட்பு நிதியம்’ தொடங்கப்பட்டது. சூயெட்சு மலைப்பகுதியை 6.8 அளவுள்ள நிலநடுக்கம் தாக்கி அப்போது நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. 2004 அக்டோபர் 23, சனிக்கிழமை மாலை 5.56 மணிக்கு அது நேர்ந்தது. 68 பேர் உயிரிழந்தார்கள். ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் வீட்டை விட்டு வெளியேறினார்கள். உயிரிழப்பை மட்டும் வைத்துப் பார்த்தால், 1995இல் 6,434 பேரைப் பலிகொண்ட கோபே நிலநடுக்கத்தின் பக்கத்தில் இதைச் சிறியதாகவே எண்ணத் தோன்றும். ஆனால் இங்கே அழிந்தவை வீடுகள் மட்டுமில்லை. மலைச்சரிவுகள் பெயர்ந்து சாலைகள் மறைந்தன. பெயர்ந்த மண் ஆறுகளை அடைத்ததில் தண்ணீர் தேங்கி ஊர்களுக்குள் ஏறியது. படிவரிசையாக அமைந்த நெல்வயல்கள் பிளந்து கிடந்தன. அந்த வயல்களை உழுதுகொண்டிருந்தவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். நிலநடுக்கத்துக்கு முன்பே இளைஞர்கள் நகரங்களுக்குப் போய்விட்டார்கள்.

அந்த நாட்களில் அதிகம் பேசப்பட்ட ஊர் யமகோஷி. சுமார் 2,200 பேர் வாழ்ந்த மலைக்கிராமம் அது. பல சிற்றூர்கள் சேர்ந்தது. குளிர்காலத்தில் ஆள் உயரத்துக்கு மேல் பனி குவியும். சென்னை கொளத்தூர் அலங்கார மீன் சந்தையில் ‘கோய்’ என்று விற்கப்படும் வண்ணக் கெண்டைக்குத் தாயகம் இந்தப் பகுதிதான். நெல்வயலுக்கு நீர் தேக்கும் குளங்களில் உணவுக்காக வளர்த்த கெண்டைகளிலிருந்துதான் நிறம் மாறியவற்றைத் தேர்ந்தெடுத்து அங்கே பெருக்கினார்கள். எல்லாச் சாலைகளும் துண்டிக்கப்பட்டதால், அக்டோபர் 25 அன்று ஊர் முழுவதையும் ஹெலிகாப்டரில் ஏற்றி நாகாவோகா நகரத்துக்குக் கொண்டுசென்றார்கள்.

அங்கே எடுத்த ஒரு முடிவு பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அடித்தளம் ஆயிற்று. ஹெலிகாப்டரில் வந்த வரிசைப்படி முகாம்களில் கலந்து தங்கியவர்களை, சில நாட்களில் சிற்றூர்வாரியாகப் பிரித்து மாற்றினார்கள். தற்காலிக வீடுகளையும் அதே ஒழுங்கில் ஒதுக்கினார்கள். கோபேயில் இப்படி நடக்கவில்லை. அங்கே முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் முன்னுரிமை தந்து, குலுக்கல் முறையில் தற்காலிக வீடு வழங்கப்பட்டது. நல்லெண்ணத்தில் செய்ததுதான். ஆனால் அக்கம்பக்கத்து உறவு அறுந்துபோனது. தற்காலிக வீடுகளில் யாரும் அறியாமல் தனிமையில் இறந்தவர்கள் 200 பேருக்கும் மேல். சூயெட்சு அந்தத் துயரத்திலிருந்து பாடம் கற்றது. பக்கத்து வீட்டுக்காரர் பக்கத்திலேயே இருந்ததால், ‘யமகோஷிக்குத் திரும்புவோம்’ என்ற பேச்சு ஊர்ப்பேச்சாகவே நிலைத்தது. பிறகு வந்த பணம், கலையாத ஒரு கூட்டத்திடம் போய்ச் சேர்ந்தது.

மீட்பு நிதியம் செயல்பட்ட விதத்தைச் சற்று விளக்கமாகப் பார்க்க வேண்டும். மாகாண அரசு நிதி நிறுவனங்களிடமிருந்து 30,000 கோடி யென் கடனாகத் திரட்டி, அதை வட்டியில்லாமல் நிதியத்துக்குக் கொடுத்தது. நிதியம் அந்தத் தொகையை முதலீடு செய்து, கிடைத்த வட்டியை மட்டும் செலவிட்டது. அசலில் கை வைக்கவில்லை. பத்து ஆண்டுக் காலத்தில் இப்படிச் செலவிடக் கணக்கிட்ட தொகை சுமார் 6,000 கோடி யென். மாகாணம் தன் கடனுக்குக் கட்டிய வட்டியில் கணிசமான பங்கை நடுவண் அரசு வரிப்பகிர்வு மூலம் ஈடுசெய்தது. ஆகவே இறுதியில் இதுவும் மக்களின் வரிப்பணமே. எரிமலைச் சீற்றத்துக்குப் பின் உன்ஸென் பகுதியிலும், பிறகு கோபேயிலும் இதே முறை கையாளப்பட்டிருந்தது.

வரிப்பணத்தை நேராகவே கொடுத்திருக்கலாமே, ஏன் இந்தச் சுற்றுவழி என்று கேட்கத் தோன்றும். அரசுப் பணம் ஆண்டுக் கணக்கு முடிவதற்குள் செலவாக வேண்டும். இன்ன தலைப்புக்கு என்று ஒதுக்கினால் அதற்கு மட்டுமே. நிதியம் ஒரு தனி அறக்கட்டளை. செலவாகாத தொகையை அடுத்த ஆண்டுக்கு எடுத்துச்செல்ல அதனால் முடியும். ஊர்களிலிருந்து புதிய தேவை எழுந்தால் புதிய உதவித் திட்டத்தை நடுவிலேயே சேர்க்கவும் முடியும். அப்படிச் சேர்ந்து சேர்ந்து அதன் உதவித் திட்டங்கள் நூறு வகைகளைத் தாண்டின. மீட்பு எந்த ஆண்டில் எதைக் கேட்கும் என்று முதல் ஆண்டிலேயே யாராலும் சொல்ல முடியாது. இதை ஒப்புக்கொண்டு வடிவமைத்த நிதி ஏற்பாடுகள் உலகில் மிகவும் குறைவு.

அரசு விதிகளின் இடுக்கில் விழுந்துபோகும் தேவைகளை இந்த நிதியம் எப்படி எட்டியது என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும். முதலாவது வயல். பேரிடரில் சேதமான விளைநிலத்தைச் சீர்செய்ய ஜப்பானிய அரசின் மானியம் உண்டு. ஆனால் ஓரிடத்தின் வேலைச்செலவு 4 லட்சம் யென்னுக்குக் குறைந்தால் அது கிடையாது. மலைச்சரிவில் உள்ள வயல்கள் சிறு சிறு துண்டுகள். ஒவ்வொன்றின் சேதமும் அந்த வரம்புக்குக் கீழேதான் நிற்கும். சேதம் சிறிது என்பதாலேயே விவசாயிக்கு உதவி மறுக்கப்படும் நிலை. நிதியம் இதற்கென்றே ஓர் உதவியை வகுத்தது: விவசாயிகள் தாங்களே, கையில் கிடைத்த இயந்திரத்தைக் கொண்டு, தங்கள் வயலைத் திருத்திக்கொள்ளலாம், செலவில் பங்கு வந்து சேரும். ஒரு பருவம் தரிசாகக் கிடந்தால் முதியவர் அந்த வயலுக்குத் திரும்பவே மாட்டார் என்பதை அந்த ஊர்க்காரர்கள் அறிவார்கள்.

இரண்டாவது கோயில். ஒவ்வொரு சிற்றூருக்கும் ஒரு காவல் தெய்வத்தின் ஆலயம் உண்டு. நம் ஊர்களில் கோயில் கொடைக்கு வெளியூர் போனவர்கள் திரும்பி வருவதைப்போல, அங்கும் திருவிழாவுக்குத்தான் ஊர் முழுதாகக் கூடும். நிலநடுக்கத்தில் அந்த ஆலயங்கள் சரிந்தன. கல் விளக்குகளும் நுழைவாயில்களும் உடைந்தன. சமய அமைப்புகளுக்குப் பொதுப்பணம் கொடுப்பதை ஜப்பானிய அரசியலமைப்பின் 89ஆம் பிரிவு தடுக்கிறது. வீட்டையே இன்னும் கட்டி முடிக்காத முதியவர்களிடம் ஆலயத்துக்கு வரி வசூலிக்கவும் முடியாது. ஊர் கூடும் பொது இடம் என்ற முறையில், அரசிடமிருந்து வேறுபட்ட அமைப்பான நிதியம் அவற்றைச் சீரமைக்க உதவியது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது அவசரமற்ற செலவாகத் தெரியலாம். உள்ளூரில், முதல் திருவிழா மீண்டும் நடந்த நாளில்தான் பலருக்கு ஊர் திரும்பியதாகவே தோன்றியது. எது அவசரம் என்பதை ஊர்தான் சொல்ல வேண்டும். அதற்கு இடம் வைத்ததே இந்த நிதியத்தின் ஆகப்பெரிய சிறப்பு.

கட்டடமும் வயலும் கண்ணுக்குத் தெரியும் செலவுகள். நீண்ட கால மீட்பில் யாரும் கொடுக்க முன்வராத செலவு ஒன்று உண்டு: மனிதரின் நேரத்துக்கான சம்பளம். நன்கொடை தருபவர்கள் பள்ளிக்கூடம் கட்டித் தருவார்கள், படகு வாங்கித் தருவார்கள். ஐந்தாவது ஆண்டிலும் வீடு வீடாகப் போய்த் தேநீர் குடித்துப் பேச்சுக் கேட்கும் ஒருவருக்கு மாதச் சம்பளம் தருவதை அவர்கள் வீண் என்று நினைக்கிறார்கள். சூயெட்சு நிதியம் அந்தச் சம்பளத்தைக் கொடுத்தது. ‘வட்டார மீட்பு உதவியாளர்’ என்ற பெயரில் 2007–08 முதல் இவர்கள் நியமிக்கப்பட்டார்கள். பல்வேறு மையங்களில் சுமார் 50 பேர் வரை பணியாற்றினார்கள். தனித் தகுதிச் சான்று எதுவும் கேட்கப்படவில்லை. யமகோஷியில், தற்காலிகக் குடியிருப்புகளில் மக்களைக் கவனித்துவந்த பணியாளர்கள் சிலரே இந்த வேலையைத் தொடர்ந்தார்கள்.

இவர்களுக்கு முன்னோடி, 2005 மே மாதம் தன்னார்வலர்களும் உள்ளூர்க்காரர்களும் சேர்ந்து தொடங்கிய ‘சூயெட்சு மீட்புக் குடிமக்கள் மன்றம்’. அதன் செயலாளராக இருந்த இனாகாகி ஃபுமிஹிகோ, அந்த ஆண்டுகளின் அனுபவத்தைக் கூட்டல், பெருக்கல் என்ற இரண்டு சொற்களில் வகுத்தார். பேரிடரில் நொந்த ஊர் எதிர்மறை எண்ணைப் போன்ற நிலையில் இருக்கிறது. அப்போது பெரிய திட்டம், நிபுணர் குழு, தொழில் முதலீடு என்று பெருக்கினால் எதிர்மறை இன்னும் பெரிதாகும். முதலில் கூட்டல் வேண்டும். குறைகளைக் காதுகொடுத்துக் கேட்பது, ஒரு சின்ன விழாவைச் சேர்ந்து நடத்துவது, விளைந்த காய்கறியைத் தெருவோரத்தில் வைத்து விற்பது. இப்படி ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போய், ஊர் சுழியத்தைத் தாண்டிய பிறகுதான் பெருக்கல் பயன் தரும். நிதி வழங்குபவர்களுக்கு இது கசப்பான செய்தி. தொடக்க ஆண்டுகளில்தான் பணம் குவிகிறது; பெரிய பணத்தை ஊர் உள்வாங்கக்கூடிய காலமோ பல ஆண்டுகள் தள்ளி வருகிறது.

தோகாமாச்சி நகராட்சிக்கு உட்பட்ட இகேதானி என்ற சிற்றூர் இதற்கு நல்ல சான்று. ஒருகாலத்தில் 37 வீடுகள் இருந்த ஊர், நிலநடுக்கத்துக்குப் பிறகு 6 குடும்பங்களும் 13 பேருமாகச் சுருங்கியது. ஊரை மூடிவிடலாமா என்ற எண்ணம் அங்கே இருந்தது. 2005 முதல் வெளியூர்த் தன்னார்வலர்கள் வந்தார்கள். களை பறித்தார்கள், நாற்று நட்டார்கள், மாலையில் ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இங்குள்ள நெல் இவ்வளவு ருசியா என்று வந்தவர்கள் வியந்தபோது, முதியவர்கள் தங்கள் நிலத்தைப் புதிய கண்ணால் பார்க்கத் தொடங்கினார்கள். அதன் பிறகே அரிசியை நேரடியாக வாடிக்கையாளர்களுக்கு விற்பதும், தங்களுக்கென ஓர் அமைப்பைப் பதிவுசெய்வதும் நடந்தன. இளம் குடும்பங்கள் குடியேறின, குழந்தைகள் பிறந்தார்கள்.

எல்லா ஊர்களுக்கும் இப்படி வாய்க்கவில்லை. யமகோஷியில் தற்காலிக வீடுகள் 2007 இறுதியில் காலியானபோது, சுமார் 70 சதவீதத்தினர் மலைக்குத் திரும்பியிருந்தார்கள். மற்றவர்கள் நகரத்திலேயே தங்கிவிட்டார்கள். இன்று அங்கே ஆயிரம் பேர்கூட இல்லை. அந்த எண்ணிக்கையை மட்டும் பார்த்து மீட்பு தோற்றது என்று முடிவுகட்டுவது நியாயமாகாது. ஜப்பானின் மலைக்கிராமங்கள் அனைத்துமே சுருங்கிவருகின்றன. அந்தச் சிறிய ஊர், காளைகள் மோதும் பழைய விழாவைத் தொடர்ந்து நடத்துகிறது. 2009இல் அமெரிக்காவின் கொலராடோவிலிருந்து அன்பளிப்பாக வந்த அல்பாக்காக்களை வளர்த்துப் பார்வையாளர்களை ஈர்க்கிறது. 2021இல் வண்ணக் கெண்டை ஓவியங்களை எண்மச் சொத்தாக விற்று, வாங்கியவர்களை இணையவழி ஊர்க்காரர்களாக ஏற்றுக்கொண்டது. தன் காரியத்தைத் தானே யோசித்து முடிவெடுக்கும் ஊர் அது.

குறைகளும் இருந்தன. ஊரின் எதிர்காலத் திட்டத்தைத் தயாரிக்க நிதியம் தந்த மானியத்தில், சில இடங்களில் ஆலோசனை நிறுவனங்களே திட்டத்தை எழுதின. ஊர்க்காரர்கள் கூடிப் பேசாமல் உருவான அந்த ஆவணங்கள் அலமாரியில் தங்கிவிட்டன. உதவியாளர்களின் பணி ஆண்டு ஒப்பந்தத்தில் நகர்ந்தது. மற்றவர்களின் வாழ்வு நிலைபெற உழைத்தவர்கள், தங்கள் அடுத்த ஆண்டு வேலை நிச்சயமில்லாமல் இருந்தார்கள். நிதியத்தின் காலம் முடிய நெருங்கியபோது, அவர்களைத் தொடர்ந்து வைத்துக்கொள்வது அந்தந்த நகராட்சியின் விருப்பத்தைப் பொறுத்ததாகிவிட்டது.

சூயெட்சு ஏற்பாட்டை மற்ற நாடுகளின் வழக்கத்தோடு ஒப்பிட்டால் இடைவெளி தெளிவாகத் தெரியும். 2010 ஜனவரி 12 நிலநடுக்கத்துக்குப் பின் ஹெய்ட்டிக்குக் கோடிக்கணக்கான டாலர் போனது. அந்த நிவாரணத்தில் ஹெய்ட்டியின் சொந்த அமைப்புகளுக்கு நேரடியாகக் கிடைத்தது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. 2016இல் இஸ்தான்புல்லில் கூடிய உலக மனிதாபிமான மாநாட்டில், 2020க்குள் நிவாரண நிதியில் 25 சதவீதம் உள்ளூர் அமைப்புகளுக்கு, கூடியவரை நேரடியாகப் போய்ச் சேர வேண்டும் என்று பெரிய நாடுகளும் முகமைகளும் உடன்பட்டன. அந்த இலக்கை எட்டவில்லை. இந்தியாவில் 2001 கட்ச் நிலநடுக்கத்தின்போது நிலைமை சற்று மேலாக இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 1998 புயலுக்குப் பிறகே அங்கே ‘கட்ச் நவ நிர்மாண் அபியான்’ என்ற உள்ளூர் அமைப்புகளின் கூட்டமைப்பு உருவாகியிருந்தது. நிலநடுக்கத்துக்குப் பின் அது ‘சேது’ மையங்களை அமைத்தது. ஒவ்வொரு மையமும் ஒரு கிராமத் தொகுதியைக் கவனித்தது. அரசின் அறிவிப்பை ஊருக்கும் ஊரின் கேள்வியை அரசுக்கும் கொண்டுசென்றது. அங்கும் செலவின் சாரம் ஆட்களும் அவர்களின் நேரமும்தான்.

வட்டியை நம்பிய முறைக்கு ஒரு வரம்பு இருந்தது. ஜப்பானில் வட்டி விகிதம் மேலும் சரிந்த பிறகு, எவ்வளவு பெரிய அசலும் போதிய வருவாய் தராத நிலை வந்தது. வடகிழக்கு ஜப்பானைத் தாக்கிய 2011 மார்ச் 11 நிலநடுக்க, சுனாமிப் பேரழிவுக்குப் பின், நடுவண் அரசு பாதிக்கப்பட்ட 9 மாகாணங்களுக்கு 19,600 கோடி யென்னை நேரடியாகக் கொடுத்து, அசலையே செலவழிக்கும் நிதியங்களை அமைக்க வழிசெய்தது. பல ஆண்டுகளுக்குச் செலவிடலாம், எதற்கு என்பதை உள்ளூர் முடிவுசெய்யலாம் என்ற இரண்டு தன்மைகளும் அதில் தொடர்ந்தன. உதவியாளர் முறையும் பரவியது. முதுமை அடைந்த சிற்றூர்களுக்கு ஆள் அமர்த்தும் திட்டத்தை 2008இலும், நகரத்து இளைஞர்களைக் கிராமங்களுக்கு அனுப்பும் திட்டத்தை 2009இலும் நடுவண் அரசு தொடங்கியபோது, சூயெட்சுவின் அனுபவம் முன்னுதாரணங்களில் ஒன்றாக இருந்தது. 2012 முதல் ‘மீட்பு உதவியாளர்’ என்பது வடகிழக்கு ஜப்பானுக்கும் உரிய பணியாயிற்று. அவர்களுக்குப் பயிற்சி தரச் சென்றவர்களில் சூயெட்சு மலையூர்களில் வேலை பார்த்தவர்களும் இருந்தார்கள்.