மாதிரி விமானமும் மலிவான டிரான்ஸ்மிட்டரும்

மாதிரி விமானம் கட்டிப் பறக்கவிடுதல் விளையாட்டுப்போலத் தோன்றினும், காற்றியக்கவியல், மின்னியல், ரேடியோ இயல் ஆகிய மூன்றையும் ஒருங்கே பயிற்றுவிக்கும் கலையாகும். நமது நாட்டில் தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவும், பொறியியற் கல்லூரி மாணவர் சங்கங்கள் பலவும் இதனை மேற்கொண்டுள்ளன. இத்துறையில் புதிதாக இறங்குவோருக்கு முதலில் எழும் ஐயம், எந்த டிரான்ஸ்மிட்டரை வாங்குவது என்பதே. கையிலுள்ள பணமோ குறைவு. கடைகளில் உள்ள வகைகளோ பல.

இங்கு ஓர் உண்மையை நினைவிற் கொள்ளவேண்டும். பயில்வோனின் முதல் விமானம் உடைந்தே தீரும், இரண்டாவதும் உடையக்கூடும். விமானங்கள் வந்து போகும். கையிலுள்ள டிரான்ஸ்மிட்டர் மட்டும் பல ஆண்டுகள் நிலைத்திருக்கும். எனவே மலிவு என்பதைப் பெட்டியின்மேல் ஒட்டிய விலையைக்கொண்டு மட்டும் கணக்கிடுதல் பொருந்தாது.

வேறொரு கணக்கும் உண்டு. ஒரு கிலோகிராம் எடையுள்ள மாதிரி விமானம் மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது, சுமார் 11½ மீட்டர் உயரத்திலிருந்து தரையில் விழும் அதே எடையுள்ள கல்லின் மோதும் ஆற்றலைப் பெற்றிருக்கிறது. அதன் முனையில் சுழலும் விசிறியும் உள்ளது. இத்தகைய பொருளைத் தரையிலிருந்து ஆளும் ஒரே கயிறு, கண்ணுக்குப் புலப்படாத ரேடியோ அலைதான். எதில் சிக்கனம் செய்யலாம், எதில் செய்யலாகாது என்பதை இக்கணக்கே தீர்மானிக்கிறது.

வந்த வழி

ரேடியோ அலையால் ஒரு கலத்தைத் தொலைவிலிருந்து இயக்கலாம் என்பதை நிக்கோலா டெஸ்லா 1898-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் ஒரு சிறு படகைக்கொண்டு செய்துகாட்டினார். 1930-களின் பிற்பகுதியில், வால்டர் குட், வில்லியம் குட் என்னும் அமெரிக்க இரட்டைச் சகோதரர்கள் ‘பிக் கஃப்’ என்ற மாதிரி விமானத்தை ரேடியோ வழியே வெற்றிகரமாகப் பறக்கவிட்டனர். அக்காலக் கருவிகள் வெற்றிடக் குழாய்களால் ஆனவை, கனத்தவை, அடிக்கடி பழுதுற்றவை.

பின்னர் வந்த கருவிகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பிட்ட அலைவரிசை இருந்தது. அதனை ஒரு படிகம் நிர்ணயித்தது. ஒரே மைதானத்தில் இருவர் ஒரே அலைவரிசையில் டிரான்ஸ்மிட்டரை இயக்கினால், பறந்துகொண்டிருக்கும் விமானம் கட்டுக்கடங்காமல் வீழ்ந்துவிடும். இதனைத் தவிர்க்க மைதானத்தில் ஒரு பலகை வைத்து, அலைவரிசைக்குரிய கவ்வியை எடுத்துக்கொண்டவரே கருவியை இயக்கலாம் என்னும் முறை பல நாடுகளிலும் வழங்கியது.

2005-ஆம் ஆண்டையொட்டி 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் இத்துறையில் பரவத் தொடங்கியபின் இந்நிலை மாறியது. இவற்றிற் பெரும்பாலானவை ஒரே அலைவரிசையில் தங்காமல், வினாடிக்குப் பலமுறை ஓர் அலைவரிசையினின்றும் மற்றொன்றுக்குத் தாவுகின்றன. தாவும் வரிசை, ஒன்றோடொன்று இணைக்கப்பட்ட டிரான்ஸ்மிட்டருக்கும் ரிஸீவருக்கும் மட்டுமே தெரியும். ஆகவே பலர் ஒரே வேளையில் பறக்கவிட முடிகிறது. 72 மெகாஹெர்ட்ஸ் காலத்தில் அலைநீளம் நான்கு மீட்டருக்கு மேல்; அதனால் நீண்ட ஏரியல் தேவைப்பட்டது. இன்று அலைநீளம் 12½ சென்டிமீட்டரே. மூன்று சென்டிமீட்டர் கம்பி போதுமானது. மலிவாகக் கிடைக்கிறதென்று பழைய படிகக் கருவியை இன்று வாங்குதல் சிக்கனமாகாது.

எத்தனை சானல்?

ஒரு செயலுக்கு ஒரு சானல் என்பது கணக்கு. மோட்டாரின் வேகம், மூக்கை உயர்த்தித் தாழ்த்தும் எலிவேட்டர், வாலைத் திருப்பும் ரட்டர், இறக்கைகளைச் சாய்க்கும் எய்லெரான் ஆகிய நான்கும் அடிப்படையானவை. இறக்கையின் ஃபிளாப், உள்ளிழுக்கும் சக்கரம், நிலைப்படுத்தும் கருவியின் விசை ஆகியவற்றில் ஏதேனும் இரண்டிற்கு இன்னும் இரண்டு வேண்டியிருக்கும். ஆகவே பயில்வோனுக்கு ஆறு சானல்கள் போதும். பத்தும் பதினாறும் உள்ளனவென்ற விளம்பரத்துக்காக அதிக விலை கொடுப்பது வீண்.

சானல் எண்ணிக்கையினும் முக்கியமானவை இரண்டு. முதலாவது, பல விமானங்களுக்குரிய அமைப்புகளைத் தனித்தனியே நினைவில் வைக்கும் வசதி. இரண்டாவது, இரு சானல்களைக் கலக்கும் வசதி. வாலில்லாத நுரைப்பலகை விமானத்தில் இரு தகடுகளே எலிவேட்டராகவும் எய்லெரானாகவும் இயங்கவேண்டியிருப்பதால், இக்கலப்பு வசதியின்றி அதனைப் பறக்கவிடுதல் அரிது.

கைப்பிடிகளின் அமைப்பையும் கவனிக்கவேண்டும். ‘மோட்-2’ என்னும் முறையில் மோட்டார் விசை இடக்கையிலும், ‘மோட்-1’ முறையில் வலக்கையிலும் உள்ளது. இரண்டில் எது சிறந்ததென்ற விவாதம் தேவையற்றது. கற்றுக்கொடுப்பவர் எம்முறையைக் கையாளுகிறாரோ, அதுவே மாணவனுக்கும் ஏற்றது. ஆபத்து நேரும்போது ஆசிரியர் கருவியை வாங்கி விமானத்தைக் காக்கவேண்டுமன்றோ?

ரிஸீவரின் விலை

டிரான்ஸ்மிட்டர் ஒன்றே, ஆனால் ரிஸீவர் ஒவ்வொரு விமானத்திற்கும் ஒன்று வேண்டும். பல நிறுவனங்களின் டிரான்ஸ்மிட்டர்கள் தம்முடைய ரிஸீவர்களோடு மட்டுமே பேசும். டிரான்ஸ்மிட்டர் மலிவாயிருந்து, அதற்குரிய ரிஸீவரின் விலை அதிகமாயிருந்தால், நான்காவது விமானத்தில் சிக்கனம் கரைந்துவிடும். ஆகையால், விலையை ஒப்பிடும்போது ஒரு டிரான்ஸ்மிட்டரும் ஐந்து ரிஸீவர்களும் சேர்ந்த தொகையையே ஒப்பிடவேண்டும்.

ஃப்ளைஸ்கை நிறுவனத்தின் எஃப்.எஸ்.-ஐ6 என்னும் ஆறு சானல் கருவி, எங்கும் கிடைக்கும் நான்கு சிறு மின்கலங்களால் இயங்குவது. பயில்வோரிடையே வெகுவாகப் பரவியது. ரேடியோமாஸ்டர் நிறுவனத்தின் ‘பாக்கெட்’ என்ற சிறு கருவி ‘எட்ஜ்-டிஎக்ஸ்’ என்னும் திறந்த மென்பொருளால் இயங்குகிறது. அதன் ஒரு வகை, யாவரும் பயன்படுத்தக்கூடிய ‘எக்ஸ்பிரஸ் எல்ஆர்எஸ்’ முறையைக் கையாளுவதால், பல நிறுவனங்களின் ரிஸீவர்களை அதனுடன் இணைக்கலாம். மின்கலமும் ரிஸீவரும் விலையில் அடங்குமா என்பதை வாங்குமுன் கேட்டறிதல் நலம்.

தொடர்பு அறுந்தால்

எந்த ரேடியோத் தொடர்பும் எப்பொழுதேனும் அறுபடக்கூடும். அவ்வாறு அறுந்தவுடன் ரிஸீவர் என்ன செய்கிறது என்பதே தேர்வின் உரைகல். சில ரிஸீவர்கள், அமைப்பை மாற்றாவிடில், கடைசியாகக் கிடைத்த கட்டளையையே பற்றிக்கொண்டிருக்கும். மோட்டார் முழுவேகத்தில் ஓடிக்கொண்டிருந்த வேளையில் தொடர்பு அறுந்தால், விமானம் அதே வேகத்துடன் கண்ணுக்கெட்டாத தூரம் சென்று, எவர் தலைமீதேனும் வீழலாம். நல்ல கருவி, தொடர்பு அறுந்ததும் மோட்டாரை நிறுத்திவிடும். இவ்வசதிக்கு ஃபெயில்சேஃப் என்று பெயர்.

இதனைச் சோதிப்பதற்குச் செலவு ஏதுமில்லை. விசிறியைக் கழற்றிவிட்டு, விமானத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு, மோட்டாரைச் சிறிது வேகத்தில் ஓடவிட்டு, டிரான்ஸ்மிட்டரை அணைத்துவிடவேண்டும். மோட்டார் ஓரிரு வினாடிகளில் நிற்குமாயின் நன்று. ஓடிக்கொண்டேயிருக்குமாயின், அமைப்பைத் திருத்தும் வரையில் அவ்விமானம் தரையைவிட்டு எழலாகாது. இவ்வசதியே இல்லாத கருவியை எவ்வளவு மலிவாயினும் விலக்கவேண்டும். ஒவ்வொரு புதிய விமானத்திலும் இச்சோதனையைத் திரும்பச் செய்தல் அவசியம்.

அடுத்தது தூரச் சோதனை. ஆற்றலைக் குறைத்து அனுப்பும் வசதி பல டிரான்ஸ்மிட்டர்களில் உண்டு. அவ்வசதியை இயக்கி, தயாரிப்பாளர் கூறும் தூரத்துக்கு நடந்துசென்று, தகடுகள் தடையின்றி அசைகின்றனவா என்று பார்க்கவேண்டும். ஏரியலின் நுனி நோக்கும் திசையில் அலை மிகவும் வலுக்குன்றியிருக்கும். எனவே நுனியை விமானத்தை நோக்கி நீட்டலாகாது. ரிஸீவரின் ஏரியலை உலோகத்துக்கும் கரியிழைக்கும் அப்பால் வைக்கவேண்டும். இரண்டு ஏரியல்கள் இருப்பின், ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமைத்தல் முறை.

சட்டம் கூறுவது

2.4 முதல் 2.4835 கிகாஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில், வரையறுத்த ஆற்றலுக்குட்பட்ட கருவிகளை இயக்குவதற்கு உரிமம் தேவையில்லை என 2005-ஆம் ஆண்டில் இந்திய அரசு விதி வகுத்தது. அமெரிக்கச் சந்தைக்கென்று செய்யப்பட்ட 915 மெகாஹெர்ட்ஸ் கருவிகளுக்கு இச்சலுகை பொருந்தாது. அவை மலிவாகக் கிடைப்பினும் நமது நாட்டில் கைப்பேசிச் சேவைக்கு ஒதுக்கிய பகுதியில் குறுக்கிடக்கூடியவை. 2021-ஆம் ஆண்டின் டிரோன் விதிகள், ஆளில்லா வானூர்திகளுக்குரிய வான்வெளியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு எனப் பிரித்து, பச்சைப் பகுதியில் பொதுவாக 400 அடி உயரத்தை எல்லையாக வகுத்தன. விமான நிலையங்களின் அருகே கட்டுப்பாடு மிகுதி. பறக்கவிடுமுன் இடத்தின் நிலையையும் நடைமுறையிலுள்ள விதிகளையும் அறிந்துகொள்வது பறக்கவிடுவோரின் பொறுப்பாகும்.

சிக்கனத்தின் இடம்

மின்னும் திரை, உலோக மேற்பூச்சு, தேவைக்கு மிஞ்சிய சானல்கள் ஆகியவற்றில் சிக்கனம் செய்யலாம். தொடர்பின் உறுதி, ஃபெயில்சேஃப், ரிஸீவர் எளிதிற் கிடைத்தல் ஆகியவற்றில் செய்யலாகாது. கணினியோடு இணைத்துத் திரையிலேயே பறக்கப் பழகும் வசதி இருக்குமாயின், அதற்குச் சற்று அதிகம் கொடுப்பதும் தகும். திரையில் நூறுமுறை வீழ்ந்தாலும் ஒரு நுரைப்பலகைகூட உடைவதில்லை.

பறக்கும்முன் டிரான்ஸ்மிட்டரை முதலிலும் ரிஸீவரைப் பின்னரும் இயக்குதல், பறந்தபின் ரிஸீவரை முதலிலும் டிரான்ஸ்மிட்டரைக் கடைசியிலும் அணைத்தல் என்னும் ஒழுங்கையும் தொடக்கத்திலேயே பழகிக்கொள்ளவேண்டும். இப்பழக்கத்தை எக்கருவியும் விலைக்குத் தருவதில்லை. இவற்றைக் கைக்கொள்பவனிடம் மலிவான டிரான்ஸ்மிட்டரும் நம்பத்தக்க கருவியாகும். கைக்கொள்ளாதவனிடம் விலையுயர்ந்ததும் ஆபத்தே.