உஷார்! 'சப்ளையரை நீக்கிவிட்டோம்' என்ற அறிக்கையை நம்பி ஏமாறாதீர்கள்

வெளிநாட்டில் இருக்கிறீர்களா? சூப்பர் மார்க்கெட்டில் உரித்துச் சுத்தம் செய்த இறால் பாக்கெட்டை எடுக்கப்போகிறீர்களா? ஒரு நிமிடம் நில்லுங்கள்.

தாய்லாந்தின் சமுத் சாக்கோன் துறைமுக நகரத்தில் இறால் உரிக்கும் ஒரு கொட்டகை. அதிகாலை 2 மணிக்குக் கதவில் ஓர் உதை விழும். எழாவிட்டால் அடி விழும். அதன்பின் 16 மணி நேரம், ஐஸ் தண்ணீரில் கை விறைக்க விறைக்க இறால் உரிக்க வேண்டும். மியான்மரிலிருந்து பிழைக்க வந்த ஒருவருக்கு அந்தக் கொட்டகையில் பெயரே கிடையாது. அவர் எண் 31. 2015 டிசம்பரில் ஏ.பி. செய்தி நிறுவனம் இதை அம்பலப்படுத்தியது. இத்தகைய கொட்டகைகளின் இறால் அமெரிக்காவின் பெரிய கடைகள்வரை போவதையும் தடம் பிடித்துக் காட்டியது.

இதில் பதற வைப்பது என்ன தெரியுமா? அதற்கு ஒன்றரை வருடம் முன்பே கடைகளுக்கு எச்சரிக்கை மணி அடித்தாகிவிட்டது. கொத்தடிமைகளை வைத்துப் பிடித்த மீன், மீன்தூளாகி, தாய்லாந்து இறாலுக்குத் தீவனமாகிறது என்று 2014 ஜூனில் கார்டியன் நாளிதழ் எழுதியது. அந்த இறாலை விற்ற தாய்லாந்து நிறுவனத்திடம் வாங்குவோராக வால்மார்ட், காஸ்ட்கோ, டெஸ்கோ, கார்ஃபோர் பெயர்கள் அடிபட்டன. கார்ஃபோர் அந்த நிறுவனத்திடம் வாங்குவதை நிறுத்திவைத்தது. மற்றவை அடிமை உழைப்பைக் கண்டித்தன, திருத்துவதாக உறுதி கூறின. கூட்டுப் பணிக்குழுவும் அமைந்தது. ஆனாலும் கொட்டகைக் கதவில் உதை நிற்கவில்லை!

எனவே கடைகள் சொல்லும் இந்த மூன்று சமாதானங்களில் உஷார்:

'தணிக்கை செய்துவிட்டோம்.' பல தணிக்கைகள் முன்கூட்டியே நாள் குறித்து, பளபளக்கும் பெரிய தொழிற்சாலையில் நடப்பவை. கொடுமை நடப்பதோ உள்ஒப்பந்தக் கொட்டகையிலும் நடுக்கடல் படகிலும்.

'சப்ளையரை நீக்கிவிட்டோம்.' கடைக்குக் கெட்ட பெயர் நீங்கும். தொழிலாளியின் சம்பள பாக்கியும், வேலைக்குச் சேர்த்த ஏஜென்டிடம் பட்ட கடனும் நீங்குமா? அதே சரக்கு வேறொருவர் கைக்குப் போகும், அவ்வளவுதான்.

'எங்கள் பாக்கெட்டில் முத்திரை இருக்கிறது.' கடல் வள முத்திரைகள் பெரும்பாலும் மீன் வளத்துக்காக வந்தவை. பிடித்த மனிதருக்குக் கூலி கிடைத்ததா என்பதற்கு அவை மட்டும் சாட்சி ஆகா.

நிலைமையை ஓரளவு அசைத்தது சட்டத்தின் நெருக்கடி. 2015 ஏப்ரலில் ஐரோப்பிய ஒன்றியம் சட்டவிரோத மீன்பிடிப்புக்காகத் தாய்லாந்துக்கு எச்சரிக்கையாக மஞ்சள் அட்டை காட்டியது. தாய்லாந்து மீன்பிடிச் சட்டங்களைத் திருத்திய பிறகு, 2019 ஜனவரியில்தான் அந்த அட்டை விலக்கப்பட்டது.

இது தாய்லாந்தோடு முடிந்த கதை என்று இருந்துவிடாதீர்கள். 2024 மார்ச்சில் ஆந்திராவின் இறால் ஏற்றுமதித் தொழிற்சாலை ஒன்றைப் பற்றியும் தொழிலாளர் புகார்கள் வெளிவந்தன. நிறுவனம் மறுத்தது. 2021 நிலவரப்படி, உலகில் சுமார் 1,28,000 மீனவர்கள் கட்டாய உழைப்பில் சிக்கியிருப்பதாகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு மதிப்பிடுகிறது.

வாங்காமல் திரும்பினால் மட்டும் போதாது. கடையிடம் எழுதிக் கேளுங்கள்: படகு, கொட்டகை வரை சப்ளையர் பட்டியல் வெளியிட்டீர்களா? சம்பள பாக்கி தொழிலாளி கைக்குப் போய்ச் சேர்ந்ததா? அவர் பயமில்லாமல் புகார் சொல்ல வழி உண்டா? நியாயமான கூலி கொடுக்கக் கட்டுப்படியாகும் விலைக்குத்தான் வாங்குகிறீர்களா?

இந்த நான்குக்கும் பதில் வரும்வரை விடாதீர்கள். எண் 31 கேட்க முடியாத கேள்விகள் இவை. பணம் கொடுக்கும் நாம் கேட்கலாம்.