கல்லில் வளர்ந்த வரலாறு: ஹேடன் மாளிகை

இங்கிலாந்தில் டர்பிஷயர் வட்டாரத்தில், வை ஆற்றங்கரை மேட்டில் நிற்பது ஹேடன் மாளிகை. இஃது ஒரே காலத்தில் ஒரே திட்டப்படி எழுந்ததன்று. இதன் சிற்றாலயத்தில் 12-ஆம் நூற்றாண்டு நார்மானியர் காலப் பகுதிகள் உள்ளன. 1370-ஐ ஒட்டி, வெர்னன் குடும்பத்தார் இரு முற்றங்களுக்கு நடுவே விருந்து மண்டபத்தை எழுப்பினர். தலைவனும் ஏவலரும் கூடி உண்ட இடம் அது. பின்னர், மணவுறவால் மாளிகை மானர்ஸ் குடும்பத்தாரை அடைந்தது. ஏறத்தாழ 1600-இல் அவர்கள் அமைத்த நீள்கூடமோ, மழைநாளில் உலாவுதற்குரியது. வரிசையாக விளங்கும் அதன் பெருஞ்சாளரங்கள், காவலினும் வெளிச்சத்தை மக்கள் விரும்பிய காலத்தைக் காட்டுகின்றன.

1700 அளவில் உரிமையாளர் வேறு கோட்டைக்குக் குடிபெயர்ந்தனர். ஆகவே, புதுப்பாணிக்கேற்ப இதனை இடித்துக் கட்டுவார் இலராயினர். 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒன்பதாம் ரட்லண்டு கோமகன் பழமை குன்றாது செப்பனிட்டார். செல்வம் மாற்றியிருக்கக்கூடியதைப் புறக்கணிப்பே காத்தது. காத்ததை நிலைநிறுத்தியது அக்கறையே.