மழைக்கு மாடு அஞ்சுமா?

அடைமழையில் வெட்டவெளியில் நிற்கும் மாடுகளைக் கவனித்தால் ஓர் ஒழுங்கு தெரியும். பெரும்பாலும் அவை காற்று வரும் திசைக்கு முதுகைக் காட்டி, தலையைத் தாழ்த்தி, ஒன்றையொன்று ஒட்டி நிற்கும். கண்ணிலும் மூக்கிலும் சாரல் அடிக்காது. காற்றுப் படும் உடற்பரப்பும் குறையும். மழையைச் சமாளிக்க மாட்டுக்குத் தெரிந்த முதல் வித்தை இது.

அடுத்த காவல் மயிர். தோல் சுரப்பிகளில் ஊறும் எண்ணெய்ப்பசை மயிரில் படிந்திருப்பதால் சிறு தூறல் உள்ளே இறங்காமல் வழிந்துவிடும். மயிர்களுக்கு நடுவே தங்கும் காற்று உடல் சூட்டைக் காக்கும். ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட் மாட்டுக்கு வெளியே நீண்ட முரட்டு மயிரும் அடியில் மெல்லிய மயிருமாக இரண்டு அடுக்கு உண்டு. வெயிலுக்கென்றே வாய்த்த நம் நாட்டு மாடுகளின் குட்டை மயிரில் அந்த வசதி இல்லை.

மழை விடாமல் பெய்து மயிர் ஊறிவிட்டால் அந்தக் காற்றடுக்கு போய்விடும். காற்றைவிட 20 மடங்குக்கு மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்துவது தண்ணீர். அதனால்தான், உலர்ந்த குளிர்கால மயிரோடு உறைநிலைக் குளிரையே தாங்கும் ஐரோப்பிய மாடுகூட, நனைந்த பிறகு 15 டிகிரி செல்சியஸ் அளவிலேயே சூட்டைக் காக்கக் கூடுதலாகச் சக்தியைச் செலவிட வேண்டியிருக்கிறது. நம் சமவெளிகளில் மழைக்கால இரவும் பொதுவாக 20 டிகிரிக்கு மேல்தான் இருக்கும். நீலகிரி, கொடைக்கானல் பக்கம் கதை வேறு. எங்கேயானாலும் நனைந்த உடம்பில் வாடைக்காற்று அடித்தால் சூடு வேகமாக இறங்கும்.

இழந்த சூட்டை ஈடுகட்ட மாட்டின் வயிற்றுக்குள்ளேயே ஓர் அடுப்பு எரிகிறது. முதல் இரைப்பையில் கோடானுகோடி நுண்ணுயிரிகள் தீவனத்தை நொதிக்க வைக்கும்போது வெப்பம் பிறக்கிறது. நார்ச்சத்துள்ள வைக்கோலும் தட்டையும் இதற்கு நல்ல விறகு. மழைக்காலத்து இளம்புல்லில் நீர்தான் அதிகம். வயிறு நிறைந்தாலும் சத்து குறைவு. இளங்கன்றுக்கு இந்த இரைப்பை இன்னும் வளர்ந்திருக்காது. எடைக்கு ஒப்பிட்டால் அதன் உடற்பரப்பும் அதிகம். தாய் தாங்குகிற மழையில் கன்று நடுங்குவது இதனால்தான்.

வளர்ந்த மாட்டுக்கு மழையைவிடப் பெரிய எதிரி காலடிச் சேறு. சாதாரணமாக நாளில் ஏறக்குறைய பாதி நேரத்தைப் படுத்தே கழிக்கும் மாடு, சொதசொதவென்ற தரையில் படுக்கத் தயங்கும். ஓய்வு குறையும், அசைபோடுவதும் கெடும். ஈரத்தில் ஊறிய குளம்பு மெத்தென்றாகி, விரலிடுக்குப் புண் வழியே கிருமி நுழைந்து குளம்பழுகல் வரும். சேறு படிந்த மடியில் மடிவீக்கம் வரும். தண்ணீர் தேங்கிய மேய்ச்சல் நிலத்தின் நத்தைகள் கல்லீரல் தட்டைப்புழுவைப் பரப்பும்.

சேற்றுக்குப் பழகிய மாடும் நம்மிடம் உண்டு. நாகப்பட்டினம், திருவாரூர் பகுதியின் உம்பளச்சேரி இனம் குட்டையான, உறுதியான கால்களோடு நெல்வயல் சேற்றில் உழுவதற்குப் பெயர் பெற்றது. உழவு முடிந்தபின் அதற்கும் உலர்ந்த தரை வேண்டும்.

2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயலில் டெல்டாவில் ஏராளமான கால்நடைகள் மடிந்தன. புயல் நாளில் மாட்டின் இயல்பான காவல்கள் போதாது. முன்கூட்டியே கட்டை அவிழ்த்து மேட்டுக்கு ஓட்டிவிட வேண்டும்.

மற்ற நாட்களில் மாடு கேட்பது கொஞ்சம்தான்: படுக்க உலர்ந்த மேடு, காற்றை மறைக்க ஒரு தடுப்பு, நனையாத வைக்கோல். கன்றுக்கு மட்டும் கூரை கட்டாயம். தொண்டை அடைப்பானுக்கும் சப்பை நோய்க்கும் மழை தொடங்குமுன் தடுப்பூசி போட்டுவிடுங்கள். நோய் வந்தபின் மருத்துவரைத் தேடி ஓடுவதற்குள் பல நேரம் மாடு கைநழுவிப் போய்விடும்.