உறிஞ்சு மச்சி, சத்தமா!

விஸ்வநத்தம் பட்டாசு ஆலைகளுக்குள்ள அடுப்பு மூட்டக்கூடாது. டீ வெளியேதான் போட்டாகணும். பாய்லர் வெந்நீர், துணி ஃபில்டர், டஸ்ட் டீ, உயரத்திலேர்ந்து ஒரு ஆத்து... ரெடி! ஆனா டிகாக்‌ஷனை திரும்பத் திரும்பக் கொதிக்க வெச்சா கசப்புதான் பாஸ் மிஞ்சும்.

டீயை ருசி பார்க்கிறதுக்கு ஐ.எஸ்.ஓ. 3103-னு தரமே இருக்கு. 1980-ல வந்தது. 100 மில்லி வெந்நீருக்கு 2 கிராம் தூள், 6 நிமிஷம். (நம்ம லேப் மேனுவல் தோத்துச்சு!) டேஸ்டர்கள் ஸ்பூன்ல எடுத்து 'சர்ர்'னு உறிஞ்சுவாங்க. காத்தோட கலந்தாத்தான் வாசனை மூக்குக்கு ஏறும். அப்புறம் துப்பிடுவாங்க.

உங்க ஹாஸ்டல் டீத்தூள் எப்படி? ஃபில்டர் பேப்பர்ல கொஞ்சம் தூவி, தண்ணி தெளிங்க. உடனே கலர் இறங்கினா சாயம் கலந்திருக்குன்னு சந்தேகப்படலாம். அடுத்த மெஸ் கமிட்டி மீட்டிங்குக்கு அந்தப் பேப்பரோட போங்க!