ஒலிப்பட்டை வாங்குமுன்

தொலைக்காட்சிப் பெட்டிகள் மெலிந்தன. அவற்றின் ஒலியும் உடன் மெலிந்தது. அக்குறையை நீக்கவே 'சவுண்ட்பார்' எனப்படும் ஒலிப்பட்டை இல்லங்களில் இடம்பெற்றுள்ளது. எனினும், விலை மிகுந்ததே சிறந்தது எனக் கொள்ளலாமா?

ஒலிப்பட்டைகளை 5.1.2 என்பது போன்ற எண்களால் குறிப்பர். முதலெண் செவிமட்டத்தில் சூழும் ஒலித்தடங்களையும், இரண்டாமெண் தாழொலி எழுப்பும் சப்வூஃபரையும், மூன்றாமெண் மேலிருந்து வரும் ஒலித்தடங்களையும் குறிக்கும். 2012இல் திரையரங்குகளில் அறிமுகமான டால்பி அட்மாஸ், மழையோசையைத் தலைக்கு மேலேயே கேட்பிக்க வல்லது. ஒலிப்பட்டையோ அவ்வொலியை மேல்நோக்கிச் செலுத்திக் கூரையில் பட்டுத் திரும்பச் செய்கிறது. ஆதலின் கூரை சமதளமாக, ஏறத்தாழ 8 முதல் 12 அடி உயரத்தில் இருத்தல் நலம். சரிந்த ஓட்டுக் கூரையின்கீழ் அச்சிறப்பிற்குத் தரும் விலை பெரிதும் வீணே. பின்புற ஒலிக்குத் தனி ஒலிபெருக்கிகள் உள்ளனவா என்பதையும் காண்க.

விளையாட்டுக் கருவியை நேரே தொலைக்காட்சியில் இணைத்து, 'ஈ-ஆர்க்' வசதியுள்ள எச்.டி.எம்.ஐ. வாயில்வழி ஒலியைப் பட்டைக்கு அனுப்பினால் படத்தின் விரைவு குன்றாது. அவ்வசதி இரு கருவிகளிலும் இருத்தல் வேண்டும்.

அனைத்தினும் தலையாயது உரையாடலைத் தாங்கும் நடுத்தடம். கடையில் வெடியோசைக்கு மயங்காது, மெல்லப் பேசும் காட்சியொன்றை ஒலிக்கச் செய்து கேளுங்கள். வீட்டு முதியவர் "என்ன சொன்னான்?" என்று மீண்டும் வினவ நேரின், பல்லாயிரம் செலவிட்டும் பயன் யாது?