24,000 ரூபாய் இங்கிலீஷ் கோர்ஸ்: ஒரு கிளாஸுக்கு நிஜமா எவ்வளவு ஆச்சு?



கோவில்பட்டியில எங்க பெரியப்பா மக தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்குப் போறாங்க. அஞ்சாவது படிக்கிற பையனுக்கு ஆன்லைன் ஸ்போக்கன் இங்கிலீஷ். 96 கிளாஸ், 24,000 ரூபாய், மாசம் 2,000 வீதம் 12 மாசம். "தம்பி, உனக்குச் சம்பளக் கணக்கு இருக்குல்ல, உன் பேர்ல போட்டுக் குடுய்யா"ன்னு கேட்டாங்க. நானும் ஓடிபி சொல்லிட்டேன்.

பையன் போனது 20 கிளாஸ்தான். வீட்டுல இருக்கிறது ஒரே போன். அத்தான் வேலை முடிஞ்சு வர எட்டு மணி ஆகும், கிளாஸ் ஏழு மணிக்கு. டீச்சருக்குத் தமிழ் தெரியாது. புரியலைன்னா பையன் மைக்கை மியூட் பண்ணிட்டு உக்காந்திருவான். வீட்டுல பேசிப் பழகவும் ஆள் இல்ல.

அவனைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்ல. ஆபீஸ் மீட்டிங்ல பேசணும்னு நானும் ஒரு வீடியோ கோர்ஸ் வாங்கினேன். ஷிஃப்ட் முடிஞ்ச அசதியில மூணு வீடியோவோட நின்னுது.

இப்போ கணக்கு. 96 கிளாஸும் போயிருந்தா ஒரு கிளாஸுக்கு 250 ரூபாய். 20 மட்டும் போனதால 1,200 ரூபாய்! நிறுத்தலாம்னு கேட்டா, "அது ஃபைனான்ஸ் கம்பெனி லோன், நாங்க ஒண்ணும் பண்ண முடியாது"ன்னாங்க. கட்டாம விட்டா அடிவாங்கப் போறது என் சிபில் ஸ்கோர். நாளைக்கு வீட்டுக் கடன் கேக்கும்போது அது வந்து நிக்கும்.

அதனால, பணம் கட்டுறதுக்கு முன்னாடி:

1. "மாசத் தவணை"ன்னு சொன்னா, அது கடனான்னு கேளுங்க. டிஜிட்டல் கடனுக்கு முக்கியத் தகவல் அறிக்கை தரணும்ங்கிறது ரிசர்வ் வங்கி விதி. மனசு மாறினா அபராதம் இல்லாம வெளியேற எத்தனை நாள் அவகாசம்னு அதுல பாருங்க.

2. ஆட்டோ டெபிட் வேண்டாம். எட்டெக் கம்பெனிகள் விஷயத்துல இதைத் தவிர்க்கச் சொல்லி, மத்தியக் கல்வித் துறையே 2021 டிசம்பர்ல பெற்றோரை எச்சரிச்சிருக்கு.

3. முதல்ல 30 நாள் இலவசமாப் பழகுங்க. பிபிசி லேர்னிங் இங்கிலீஷ், பிரிட்டிஷ் கவுன்சில் ரெண்டுலயும் இலவசப் பாடம் இருக்கு. தினம் 15 நிமிஷம், யார்கிட்டயாவது வாய்விட்டுப் பேசணும். 30 நாள் தாண்டினா மட்டும் பணம் கட்டுங்க.

4. ஏமாத்தப்பட்டா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

இப்போ ராத்திரி எட்டரைக்கு மருமகன் எனக்குப் போன் பண்றான். பத்து நிமிஷம், ரெண்டு பேரும் தப்புத் தப்பா இங்கிலீஷ் பேசுறோம். செலவு பூஜ்யம். ஆனா மியூட் மட்டும் பண்றதில்ல!